காப்புக் கட்ட வராத தங்கை

நடுத்திட்டு,
11-5-1969

அன்புள்ள தங்கை சம்பூர்ணத்துக்கு,

அண்ணன் தேசப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளை மணவாளனும் சுகமாக இருக்க கங்கம்மா அருள் புரிவாள். பழவேற்காட்டில் மீன் ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவர், கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள ரைஸ் மில்லில் மாப்பிள்ளை மூட்டை தூக்குவதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். கிடைத்தால் உடனே பதில் போடு.

நீ போன பிறகு வந்த தை மாதத்தில் உன் அண்ணி அஞ்சம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பெயரையே வைத்தோம், செல்லியம்மாள் என்று. நடக்கிறாள், பேசுகிறாள். மூக்கு உன் மூக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி நெருங்குகிறது. நீ போன பிறகு வந்த இரண்டு ஆடித் திருவிழாவிலும் கங்கம்மா என் மேல் வரவில்லை. சித்தப்பா மகள் அங்காளம்மாளை விட்டுக் காப்புக் கட்டச் சொன்னார்கள். அவளும் குளித்து, விரதம் இருந்து, முறைப்படிதான் கட்டினாள். பம்பைக்காரர்கள் கை சலிக்க அடித்தார்கள். நான் நட்டு வைத்த கழி மாதிரி நின்றேன். ஊர்ப் பெரியவர் வரதன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "கூடப் பொறந்தவ கட்டாத காப்பு காப்பே இல்ல. நம்ம திட்டுல எந்தக் காலத்துல வேற ஒருத்தி கட்டிகீறா?"

இந்த வருஷமும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, இறாலும் வரவில்லை. அம்மனிடம் கேட்காமல் என்ன செய்வது என்று ஊர் தவிக்கிறது.

நடந்ததை மனதில் வைக்காதே. அன்று பேசியது நானில்லை, கங்கம்மா. அது உனக்குத் தெரியும். நைனா மேல் சாமி வந்த காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் நீ. திருவிழா அன்றைக்கு மட்டுமாவது வந்து, என் கையில் காப்புக் கட்டிவிட்டுப் போ. மற்றவை நேரில்.

உன் அண்ணன்,
தேசப்பன்


கவரைப்பேட்டை,
25-5-1969

அண்ணனுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. கடிதம் கிடைத்தது. மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு நெல்லைத் துழாவப் போய்விட்டேன். சாயங்காலம் மூட்டை பிடித்து முடிந்த பிறகுதான் பிரித்தேன்.

குழந்தை பிறந்ததில் சந்தோஷம். அதற்கு மேல் சந்தோஷமாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததை மனதில் வைக்காதே என்கிறாய். நடந்தது உனக்கு நினைவில்லை என்று நீ சொல்லலாம், சாமி வந்தவனுக்கு நினைவிருக்காது என்பார்கள். எனக்கு நினைவிருக்கிறது. அன்று காலையில் உன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டியவள் நான். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பரவாயில்ல, கட்டு" என்றாய். படகுகளுக்கெல்லாம் வேப்பிலை கட்டியிருந்தது. கூழ்ப்பானைகள் வரிசையாக இருந்தன. பம்பை அடித்ததும் நீ ஆடினாய். எல்லோரையும் போல நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வரதன் கேட்டார், "தாயே, மொகத்துவாரம் மூடிக்கினு கீது. யாரு செஞ்ச குத்தம்?" என்று.

நான் கயிறு கட்டிய அந்தக் கையைத்தான் நீ நீட்டினாய். "காப்புக் கட்டினவதான் குத்தம் செஞ்சவ. வலை போற படகுல கால வெச்சிகீறா. அவ இந்தத் திட்டுல இருக்கிற வரைக்கும் என் வாசல் தொறக்காது." இதுதான் நீ சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என்னைச் சுற்றி நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். கூழ் ஊற்றுவதற்கு முன்பே, பெண்கள் பழவேற்காட்டுக்குப் போகிற ஓடத்தில் என்னையும் என் வீட்டுக்காரரையும் ஏற்றிவிட்டார்கள். அவர் தன் படகையும் வலையையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். முறை வரும்போது ஏரியில் வலை போடுகிற பாட்டு உரிமையும் அதோடு போயிற்று.

அண்ணா, பெண் கால் படக் கூடாத வலைப் படகில் ஏறிய விஷயம் நம் இருவருக்குள் இருந்தது. ஆனி மாதத்தில் நீ ஜுரத்தில் படுத்திருந்தாய். உன் பாட்டு முறை வந்திருந்தது. விட்டால் மறுபடி வர நாளாகும், உன் வீட்டில் அரிசி இல்லை. விடிகிற நேரத்தில் நீ போர்வையோடு கரைக்கு வந்தபோது, உன் படகுக்குப் பக்கத்தில் நனைந்த புடவையோடு நான் நின்றேன். படகில் மீன் இருந்தது. நான்தான் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ பயந்துபோனாய். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிக்காத. கங்கம்மா மேல ஆணையா நானும் சொல்ல மாட்டேன்" என்றாய். அந்த மீனை விற்றுத்தான் உன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பேசியது கங்கம்மா என்றால் எனக்கு வழக்கு இல்லை. நீ என்றால், அதை உன் கையால் எழுது. அதன் பிறகு காப்பைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டு. அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

சம்பூர்ணம்


நடுத்திட்டு,
8-6-1969

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

உன் கடிதத்தில் கோபம்தான் இருக்கிறது. இருக்கட்டும். மூத்தவன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், பாதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். உன் பெயரை எடுத்தாலே அப்படித்தான். அவளுக்கும் உன் மேல் மனத்தாங்கல் இருக்கும் போலிருக்கிறது. தான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த வீட்டின் மேல் அந்தக் குற்றத்தின் நிழல் விழுந்ததே என்று நினைக்கிறாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

நீ என்னைக் கேட்டதற்குப் பதில்: அம்மனுக்குத் தெரியாதது எது? நீ என் ஒருவனிடம் சொன்னதால் அவளுக்குத் தெரியாமல் போகுமா? ஊரார் கேட்டார்கள், அவள் சொன்னாள். நான் கருவி. கூழ்ப்பானையில் இருப்பது கூழா கஞ்சியா என்று பானைக்குத் தெரியுமா?

இன்னொன்றையும் நீ யோசித்துப் பார்க்க வேண்டும். நீ போன அந்த வருஷம் ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்துகொண்டது. இறால் வந்தது. பூநாரைகள் திட்டுக்கு வடக்கே வந்து இறங்கின. அந்தத் தைப்பொங்கலில் படகுகளைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கரும்பு கட்டி, ஊரே கொண்டாடியது. ஊர் அதைக் கண்ணால் பார்த்தது. நான் என்ன சொல்ல முடியும்?

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். இந்த ஆடியிலும் அம்மன் வராவிட்டால், கரகத்தை வரதனின் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு நடக்கிறது. கரகம் எடுத்துச் சாமியாடுவது நைனாவுக்கும் அவர் நைனாவுக்கும் இருந்த உரிமை. என் காலத்தில் போய்விட்டது என்ற பேர் எனக்கு வேண்டாம்.

உன்னைப் பற்றியும் வரதனிடம் பேசிவிட்டேன். நீ ஓடத்தைவிட்டு இறங்கியதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். நீ எனக்குக் காப்புக் கட்டு. ஆடும்போது, உன் குற்றத்தை அம்மன் மன்னித்துவிட்டதாக வாக்கு வரும். அதற்கு நீ பயப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்குப் பாட்டு முறையும் திரும்பக் கிடைக்கும். மூட்டை தூக்கிக்கொண்டு எவ்வளவு காலம் இருப்பார்?

திருவிழா ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே வந்துவிடு.

உன் அண்ணன்,
தேசப்பன்


கவரைப்பேட்டை,
22-6-1969

அண்ணனுக்கு,

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். மெட்ராஸுக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோற்றில் கையை வைத்தபடி கேட்டார்: "அம்மன் வாக்க உங்கண்ணன் பாத்துக்குவானா? அப்போ அன்னிக்கும் அவன்தான் பாத்துக்கினானா?"

இங்கே வந்து இத்தனை காலத்தில் அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. லீவு நாளில் பஸ் ஏறிச் சோழவரம் போய், ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவார். தண்ணீரைப் பார்க்கத்தான். நானோ, அவர் லாரியில் போனால்கூடத் திரும்பி வரும்வரை தலை வாருவதில்லை, அடுப்பை அணைப்பதில்லை. ஆம்பளைகள் படகில் போனால் நம் திட்டில் செய்வதைத்தான் செய்கிறேன். பக்கத்து வீட்டு கிரேஸ் சிரிக்கிறாள். "லாரிக்கு இன்னாத்துக்குக்கா இதெல்லாம்?" என்கிறாள். நம் கங்கம்மாவை நான் விடவில்லை, அண்ணா. அவள் பெயரில் நீ செய்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அவரிடமும் நேற்றுத்தான் சொன்னேன்.

அன்று படகில் போனது நான் இல்லை. அண்ணி.

நீ ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்தாய். பாட்டு முறை போய்விடுமே என்று அவளே படகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். விடியலில் நான் கரைக்குப் போனபோது படகு திரும்பிக்கொண்டிருந்தது. அவளால் இழுத்துக் கட்டக்கூட முடியவில்லை. தண்ணீரில் இறங்கிப் பிடித்தேன், அதில்தான் என் புடவை நனைந்தது. அப்போதுதான் சொன்னாள், முழுகாமல் இருக்கிறேன் என்று. பிள்ளைத்தாச்சி கால் பட்ட படகு ஊரையே முழுக்கிவிடும் என்று நம் திட்டில் சொல்வார்கள். உனக்குத் தெரிந்தால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவாய் என்று நடுங்கினாள். புதர்ப் பக்கமாக அவளை வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குள் நீ வந்துவிட்டாய். நான்தான் போனேன் என்று சொன்னேன்.

கங்கம்மாவுக்குத் தெரியாதது இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் படகில் கால் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்காதா? அவள் தப்பான பெயரைச் சொல்வாளா? அன்று உன் வாயிலிருந்து வந்தது நான் உன்னிடம் சொன்ன பொய், அண்ணா. அதைக் கேட்டவன் நீ ஒருவன்தான்.

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்பாய். அண்ணி கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். அவள் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடம் கரையை விட்டுத் தள்ளும்வரை பார்த்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பிறக்கட்டும், பிறந்த பிறகு சொல்வாள் என்று இங்கே வந்தும் காத்திருந்தேன். அவளுக்காக நான் சொன்ன ஒரு பொய்யை நீ ஊருக்குச் சொன்னாய். எனக்காக ஒரு உண்மையை அவள் உனக்குக்கூடச் சொல்லவில்லை. எது பெரியது என்று எனக்குப் புரியவில்லை.

நான் காப்புக் கட்ட வரமாட்டேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

சம்பூர்ணம்


நடுத்திட்டு,
30-7-1969

சம்பூர்ணத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட எழுந்தேன். போடவில்லை. மடித்து வைத்துக்கொண்டே அலைந்தேன். திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்றுதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை.

"நெஜமா?" என்று கேட்டேன்.

"நெஜந்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சாமியா நின்னுகினு சொல்ற. சாமி சொல்றது தப்புன்னு நான் எப்டி சொல்லுவேன்? அப்பால சொல்லலாம்னு பார்த்தா, நீ நம்ம ஊட்லயும் சாமியாவேதான் இருந்த."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கரையிலேயே பேசி முடித்துக்கொண்டீர்கள். நான் ஜுரத்தில் கிடந்த முட்டாள். என் தங்கை சொன்னதை நம்பினேன். அந்த நம்பிக்கை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் வெறும் வலையோடு படகுகள் திரும்பி வரும்போது, குற்றம் என்னிடம் இருக்கிறது, மறைக்கிறேன், மறைக்கிறேன் என்று அது குத்திக்கொண்டே இருந்தது. ஆடும்போது என்ன நடந்தது என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. நானாகச் சொன்னேனா, கங்கம்மா சொல்ல வைத்தாளா, தெரியாது. நீ எழுதிய பிறகு நைனா மேல் வந்தது யார் என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் இறந்துபோனார். நான் இனி யாரைப் போய்க் கேட்பேன்?

அவளிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். திருவிழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்காளம்மாள்தான் காப்புக் கட்டினாள். பம்பை அடித்தார்கள். நான் ஆடினேன். யார் ஆடினது என்று கேட்காதே. ஊர் கும்பிட்டது, பெண்கள் குலவை போட்டார்கள். வரதன் முன்னால் வந்து, முகத்துவாரம் ஏன் மூடிக்கொண்டது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தில் சலசலப்பு.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். வேப்பிலை கட்டிய நம் படகில் காலை வைத்து ஏறினாள். நின்றுகொண்டு, "அன்னிக்கும் நான்தான் ஏறுனேன். இன்னிக்கும் நான்தான் ஏறிக்கீறேன். சம்பூர்ணம் ஏறவேயில்ல" என்றாள். கத்தவில்லை. பம்பை நின்றுபோனதால் எல்லோருக்கும் கேட்டது.

வரதன் என் பக்கம் திரும்பினார். "தாயே, இதுக்கு நீ இன்னா சொல்ற?"

ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கழியை எடுத்து ஊன்றி, பழவேற்காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் படகைத் தொட யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

கரகத்தை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். படகு பழவேற்காட்டுத் துறையில் கட்டிக் கிடந்தது. காட்டுப்பள்ளியில் அவள் தாய்வீட்டிலும் இல்லை. அங்கே வந்திருக்கிறாளா? குழந்தைக்கு இருமல் இருந்தது. இருந்தால் ஒரு வரி போடு.

இதுதான் நீ கேட்டது. திருப்திதானே?

தேசப்பன்


கவரைப்பேட்டை,
10-8-1969

அண்ணனுக்கு,

வந்திருக்கிறாள். குழந்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது. கிரேஸ் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கி வந்தாள்.

திருவிழாவுக்கு மறுநாள் மத்தியானம் வந்தாள். களம் முழுக்க நெல். அதன் ஓரத்தில், நெல்லை மிதிக்காமல், குழந்தையோடு நின்றாள். நான் பார்த்துவிட்டு என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கிரேஸ்தான் தண்ணீர் கொடுத்தாள். வேலை முடிந்து அவள் பக்கமாகப் போனேன்.

"ஊட்டுக்குள்ள கூப்பிட மாட்டியா?" என்றாள்.

"ஓடம் கெளம்பறப்போ எங்க பாத்துகினு இருந்த?"

"ஒன்னத்தான் பாத்துகினு இருந்தேன். காலு நகரல."

"இத்தினி வருஷமா நகரலியா?"

நான் உள்ளே போய்விட்டேன். அவர்தான் வெளியே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு, "வாம்மா" என்று அழைத்து வந்தார். ஒரே அறையில் எல்லோரும் இருக்கிறோம். உப்பு எங்கே, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான் நாங்கள் பேசுவது. அவள் படகில் ஏறியதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அதற்காகப் பழையது போய்விடவில்லை. நாளையிலிருந்து அவளும் களத்துக்கு வருகிறாள். மேஸ்திரியிடம் நான்தான் சொன்னேன்.

திருப்திதானே என்று கேட்டாய். இல்லை, அண்ணா. ஜுரத்தில் கிடந்தவனிடம் நான் பொய் சொன்னேன், நீ நம்பினாய். அது முள்ளாகக் குத்தியது என்கிறாய். அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். சாமி ஆடும்போது உன்னை அறியாமல் வந்தது என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆடியில் நீ அறியாமல் நிற்கவில்லை. அவள் படகில் நின்று உண்மையைச் சொன்னாள். வரதன் உன்னைக் கேட்டார். "அவ சொல்றது நெஜம்" என்று மூன்று சொல் போதும். அதைச் சொல்ல கங்கம்மா வர வேண்டாம், காப்பு வேண்டாம், நான் வந்து கட்டியிருக்கவும் வேண்டாம். நீ ஒருவன் வாய் திறந்திருந்தால் போதும். நீயும் வரவில்லை. அன்று என்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை யார் என்று கேட்க அவசியமே இல்லாமல் போய்விட்டது.

வரதன் லாரிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சம்பூர்ணம் மேல் குற்றம் இல்லை, மணவாளன் தன் பாட்டு முறைக்கு வரலாம், ஆனால் அஞ்சம்மாள் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று. எனக்குப் பதில் இப்போது அவள். ஏரிக்குத் திரும்பிப் போக என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் லாரிக்காரரிடம், "ஒருத்திய எறக்கிட்டு இன்னொருத்திய ஏத்திக்கிற ஓடத்துல நாங்க வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் வழக்கம்போல மூட்டை தூக்கப் போனார். முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இதை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். இனி நான் எழுதுகிற எதையும் அவளுக்குத் தெரியாமல் எழுதுவதில்லை. உன்னிடம் அவள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள்.

பிள்ளையைப் பார்க்க நீ வரலாம். ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் மில்லைக் காட்டுவார்கள். அம்மன் என்ன சொன்னாள், ஊர் என்ன சொன்னது என்று கேட்க இங்கே யாரும் இல்லை. அவளிடம் பேச வேண்டியதை நீயே பேசு. நடுவில் நின்று உனக்காக நான் பேச மாட்டேன். நான் அவளிடம் பேச வேண்டியதே இன்னும் பாக்கி இருக்கிறது.

சம்பூர்ணம்